விப்பிள் ஆபரேஷனுக்குப் பிறகு பிளாஸ்மா ஏற்றச் சொன்னால்: கூட இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தில் ஒரு பகுதி, இத்தனையையும் எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் கணையம், பித்தநாளம், இரைப்பை மூன்றையும் குடலோடு தைப்பதுதான் விப்பிள் ஆபரேஷன். அதனால் அடுத்த சில நாட்கள் வார்டில் கூட இருப்பவருக்கும் வேலை உண்டு.

"நாலு யூனிட் பிளாஸ்மா (ரத்தத்தில் அணுக்களைப் பிரித்தபின் மிஞ்சும் மஞ்சள் நீர்) வேணும்" என்று சீட்டு வந்தால், ஓடுவதற்கு முன்னால் எதற்காக என்று கேளுங்கள். ரத்தம் நிற்காமல் கசிகிறது, ரத்தத்தை உறைய வைக்கும் சத்துக்கள் குறைந்திருக்கின்றன என்றால் சரி, யோசிக்காமல் ஓடுங்கள். ஆனால் "ஆல்புமின் (ரத்தத்தில் உள்ள ஒரு புரதம்) கம்மி, உடம்பு தேறட்டும்" என்று யாராவது சொன்னால் பெரிய டாக்டரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பிளாஸ்மா சத்து டானிக் கிடையாது. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். 1.4 மாதிரி லேசாக ஏறியிருக்கிறது, ரத்தக்கசிவும் இல்லை என்றாலும் பெரும்பாலும் தேவைப்படாது. மஞ்சள் காமாலையோடு வந்தவர்களுக்குப் பித்தம் குடலுக்குப் போகாததால் வைட்டமின் கே உடம்பில் சேராமல் ஐ.என்.ஆர். ஏறியிருக்கும், அதற்கு ஆபரேஷனுக்கு முன்பே வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அளவு எடையைப் பொறுத்தது, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி என்பது வழக்கம். 60 கிலோ ஆளுக்கு மூன்று நான்கு பைகள் வருவது அதனால்தான். குரூப் விஷயத்தில் பலரும் குழம்புவார்கள்: சிவப்பணுக்களுக்கு ஓ குரூப் எல்லாருக்கும் பொருந்தும், பிளாஸ்மாவில் அப்படியே தலைகீழ், ஏ.பி. பிளாஸ்மாதான் எல்லாருக்கும் பொருந்தும். நண்பர் வந்து ரத்தம் கொடுத்தால் அது அப்படியே உங்கள் நோயாளிக்குப் போகாது, பரிசோதித்துப் பிரித்து வங்கி இருப்பில் சேரும். இன்னொன்று, உறைந்த பையை 37 டிகிரியில் உருக்கித்தான் தருவார்கள், உருக்கியதைத் திரும்ப உறைய வைக்க முடியாது. அதனால் வார்டில் ஏற்றத் தயார் என்று சொன்ன பிறகே வாங்குங்கள்.

பையில் இருக்கும் பெயர், எண், குரூப்பை நர்ஸ் சரிபார்க்கும்போது நீங்களும் பாருங்கள். முதல் கால் மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். அரிப்பு, தடிப்பு, குளிர் நடுக்கம் என்றால் உடனே கூப்பிடுங்கள். மூச்சுத்திணறல் ஏற்றி முடித்து ஆறு மணி நேரம் வரைகூட வரலாம், இதய நோய் உள்ளவர்களிடமும் வயதானவர்களிடமும் கூடுதல் கவனம் வேண்டும்.

பிளாஸ்மாவைவிட நான் அதிகம் கவலைப்படச் சொல்வது வயிற்றுக்குள்ளிருந்து குழாய் வழியாக வடியும் நீரைச் சேர்க்கும் டிரெயின் பையைப் பற்றித்தான். மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ அந்த நீரில் அமைலேஸ் (கணையம் சுரக்கும் ஒரு நொதி), ரத்தத்தில் இருக்க வேண்டிய உச்ச அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கணையத் தையலில் கசிவு என்று பார்ப்பார்கள், பல கசிவுகள் தானாகவே அடங்கும். நிறம் மாறினால் போட்டோ எடுத்து வையுங்கள். நன்றாகத் தேறி வருபவருக்கு ஒரு வாரம் பத்து நாள் கழித்து டிரெயினில் கொஞ்சம் புது ரத்தம், ரத்த வாந்தி, கறுத்த மலம் என்று வந்து நின்றுபோனாலும் விட்டுவிடக் கூடாது, பெரிய ரத்தப்போக்குக்கு முன்னால் வரும் அறிகுறியாக அது இருக்கலாம். நடுராத்திரி என்றாலும் டியூட்டி டாக்டரை எழுப்புங்கள், வீட்டில் என்றால் நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

மற்றபடி தினமும் நடக்க வைப்பதும், மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்து ஸ்பைரோமீட்டரை ஊத விடாமல் உறிஞ்ச வைப்பதும் உங்கள் பொறுப்பு (பாதிப் பேர் ஊதத்தான் செய்கிறார்கள்). இரைப்பை மெதுவாக வேலை செய்யும், வாந்தி வந்தால் பயப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை கொஞ்சம் கொஞ்சமாக இட்லி, குழைந்த சாதம், முட்டை, மீன் கொடுங்கள். மலம் எண்ணெய்ப் பசையாக மிதந்து நாறினால் செரிமானத்துக்காகத் தரும் கணைய நொதி மாத்திரை போதவில்லை என்று அர்த்தம். அந்த மாத்திரையைச் சாப்பாடு முடிந்த பிறகு விழுங்காமல் முதல் வாயோடு தொடங்க வேண்டும். பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது என்பதால் மத, சைவக் காரணங்கள் இருந்தால் முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். சர்க்கரை அளவையும் அவ்வப்போது பார்க்க வேண்டும், ஏற்கெனவே இல்லாதவர்களுக்கும் புதிதாக வரலாம்.