கைக்கு அளவெடுத்து மவுஸ் வாங்குவது எப்படி?

செருப்புக் கடையில் நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன சைஸ் சார்?" சட்டைக்கும் அப்படித்தான். நாளெல்லாம் கைக்குள்ளேயே கிடக்கும் மவுஸுக்கு மட்டும் யாரும் அளவு கேட்பதில்லை. "வயரா, வயர்லெஸ்ஸா?" என்று கேட்டுவிட்டு ஒரு பெட்டியை எடுத்து நீட்டுவார்கள். நாமும் நிறத்தைப் பார்த்து வாங்கி வந்துவிடுவோம்.

நானும் அப்படித்தான் ஒன்று வாங்கினேன். தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி மெல்லிசாக, வழவழவென்று இருந்தது. மேஜைக்கே தனி அழகு. மூன்றாவது மாதம் சோறு பிசையும்போது மணிக்கட்டில் சுருக்கென்று ஒரு வலி. மவுஸால்தான் என்று புரிய இன்னும் ஒரு மாதம் ஆனது. அடுத்து வாங்கியது பெரிசு, மெத்தென்று ரப்பர் பூச்சு. அது இரண்டு கோடைக்குள் பிசுபிசுத்து, புளி கரைத்த கையால் தொட்டது போல ஆகிவிட்டது. ஒன்று கையைக் கெடுத்தது, இன்னொன்று தானே கெட்டது. மூன்றாவதை வாங்கும் முன்தான் ஸ்கேலைத் தேடினேன்.

முதல் படி: கையை அளந்துகொள்ளுங்கள்

பள்ளிக்கூட ஸ்கேல் போதும். மவுஸ் பிடிக்கும் கையை மேஜையில் மல்லாத்தி, விரல்களைச் சேர்த்து வையுங்கள். மணிக்கட்டில் உள்ளங்கை தொடங்கும் இடத்தில் ஒரு கோடு இருக்கும். அங்கிருந்து நடுவிரல் நுனி வரை அளக்க வேண்டும். ஸ்கேலின் ஓரத்திலிருந்து அளக்காதீர்கள். சுழியம் சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளித்தான் இருக்கும்.

என் கை 18.5 செ.மீ. தங்கையின் கை 16.5 செ.மீ. பொதுவாக 17-க்குக் கீழே இருந்தால் சின்னக் கை, 17 முதல் 19 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரிய கை என்று வைத்துக்கொள்ளலாம்.

மவுஸ் பிரியர்களிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு: கையின் நீளத்தில் பத்தில் ஆறு பங்கு மவுஸின் நீளம். எனக்கு 11.1 செ.மீ., தங்கைக்கு 9.9. இதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு செ.மீ. முன்னே பின்னே போகலாம். ஆனால் இந்த எண் கையில் இருந்தால் கடையில் பாதிப் பெட்டிகளைத் தொடாமலேயே ஒதுக்கிவிடலாம். லாஜிடெக்கின் எம்185 சுமார் 9.9 செ.மீ. நீளம். பலரும் புகழும் எம்எக்ஸ் மாஸ்டர் 3எஸ் 12.5 செ.மீ. இரண்டுக்கும் நடுவே கட்டைவிரல் அகலத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது, இரண்டுக்கும் பெயர் மவுஸ்தான். அதே நிறுவனத்தின் எம்650 சட்டை போல 'எம்', 'எல்' என்று இரண்டு அளவில் வருகிறது. எல்லோரும் இப்படிச் செய்தால் நான் இதை எழுதவே வேண்டியிருக்காது.

தங்கை ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் நாளெல்லாம் டேலியில் பில் ஏற்றுபவள். அவளிடம் இருந்தது யாரோ பரிசாகக் கொடுத்த பெரிய கேமிங் மவுஸ். பட்டனை எட்டிப் பிடிக்க விரல்களை நீட்டியே வைத்திருப்பாள். மாலையில் புறங்கை வலிக்கிறது என்பாள். "ஏசி ஒத்துக்கலை போலிருக்கு" என்பதுதான் அதற்கு அவள் சொன்ன காரணம்.

இரண்டாவது படி: எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று பாருங்கள்

பிடிப்பதில் மூன்று வகை. உள்ளங்கை முழுவதும் மவுஸின் முதுகில் படிந்து கிடப்பது ஒன்று. உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் தொட்டு, விரல்கள் கோழி நகம் போல வளைந்து நிற்பது இரண்டாவது. உள்ளங்கை படவே படாமல் விரல் நுனிகளால் மட்டும் நகர்த்துவது மூன்றாவது. ஆங்கிலத்திலிருந்து வந்த பெயர்கள் பாம், கிளா, ஃபிங்கர்டிப்.

நீங்கள் எந்த வகை என்று யோசித்தால் தெரியாது. யோசிக்கும்போதே பிடி மாறிவிடும். அதற்கு ஒரு சின்ன வேலை செய்யலாம். வீட்டில் கறுப்பு மவுஸ் இருந்தால், கையில் கொஞ்சம் முகப் பவுடரைத் தடவிக்கொண்டு பத்து நிமிடம் வழக்கமான வேலையைப் பாருங்கள். அப்புறம் கையை எடுத்துவிட்டு மவுஸைப் பாருங்கள். முதுகெல்லாம் வெள்ளையாக இருந்தால் நீங்கள் பாம் ஆள். கணக்கில் வரும் நீளத்தைவிடச் சற்றுப் பெரிய, திமில் உயர்ந்த மவுஸ் உங்களுக்கு ஆகும். பட்டனிலும் பக்கங்களிலும் மட்டும் பவுடர் இருந்தால் ஃபிங்கர்டிப். சின்னதாக, எடை குறைவாக இருப்பதே நல்லது. வீலுக்குள் பவுடர் போகாமல் துடைத்துவிடுங்கள். அம்மா பார்த்தால் ஏதாவது சொல்வார்கள், அதற்கு நான் பொறுப்பல்ல.

என் சோப்புக்கட்டி ஏன் வலி கொடுத்தது என்பது இந்தச் சோதனையில்தான் தெரிந்தது. நான் பாம் ஆள். அதற்கோ முதுகே இல்லை. உள்ளங்கை சாய இடமில்லாமல், மணிக்கட்டு மேஜையில் அழுந்திக் கை பின்பக்கமாக மடங்கியே இருந்திருக்கிறது.

மூன்றாவது படி: மேஜையையும் ஒரு பார்வை

மவுஸை மாற்றும் முன் இதைச் செய்யுங்கள். செலவே இல்லாமல் வலி போனாலும் போகலாம்.

கீபோர்டின் வலது கோடியில் எண்களுக்கென்று ஒரு தனிக்கட்டம் இருக்கிறதல்லவா? அதனால் மவுஸ் வலது பக்கம் தள்ளிப் போய்விடுகிறது. நாம் திரைக்கு நேராக உட்கார்ந்துகொண்டு, கையை மட்டும் வெளியே நீட்டி, தோளைத் தூக்கியபடி வேலை செய்கிறோம். மவுஸைத் திட்டிக்கொண்டிருப்போம், குற்றவாளி கீபோர்டாக இருக்கும். எண் கட்டம் உங்களுக்குத் தேவைப்படாவிட்டால் அது இல்லாத கீபோர்டுக்கு மாறலாம். தங்கை மாதிரி நாள் முழுக்க எண் தட்டுபவர்களுக்கு அது சரிப்படாது. அவர்கள் மவுஸை இடது கைக்கு மாற்றிப் பார்க்கலாம். முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வடிவம் உள்ள மவுஸ் வேண்டும், அவ்வளவுதான். விண்டோஸ் செட்டிங்ஸில் இடது, வலது பட்டன்களை மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு.

முழங்கை உடம்பை ஒட்டி, ஏறத்தாழ 'ட' வடிவில் மடங்கி இருக்க வேண்டும். மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு கையை மட்டும் ஆட்டாமல், முழங்கையிலிருந்து நகர்த்திப் பழகுங்கள்.

வலி ஏற்கெனவே இருக்கிறவர்களுக்குச் செங்குத்து மவுஸ் என்று ஒரு வகை இருக்கிறது. உள்ளங்கையைக் கவிழ்த்து வைக்கும்போது முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போகின்றன. கை குலுக்குவது போல நிமிர்த்திப் பிடித்தால் அந்த முறுக்கு தளர்கிறது. லாஜிடெக் லிஃப்ட் 57 டிகிரி சாய்வில், சின்ன, நடுத்தரக் கைகளுக்கென்றே வருகிறது. இடது கைக்காரர்களுக்கும் தனியாக உண்டு. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். உயரமாக நிற்பதால், கீபோர்டிலிருந்து அவசரமாகக் கையைக் கொண்டு போகும்போது தட்டிவிடுவீர்கள். அந்தப் பழக்கம் போகச் சில நாள் ஆகும். இரவில் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப் போனால் மவுஸ் கடைக்கு முன் டாக்டரிடம் போங்கள்.

நான்காவது படி: கடையில் கண்ணை மூடுங்கள்

ஆன்லைனில் வாங்கலாம்தான். ஆனால் முதல் மவுஸை ஒரு தடவையாவது தொட்டுப் பார்த்து வாங்குங்கள். சென்னைக்காரர்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இருக்கிறது. நான் நுழைந்த கடையில் பையன் முதலில் விளக்கு எரியும் ஒன்றை எடுத்து வைத்தான்.

"அண்ணா, இது பதினாறாயிரம் டிபிஐண்ணா."

"இருக்கட்டும் தம்பி. பெட்டியிலிருந்து எடுத்துக் கையில குடு."

"அட்டையில படம் போட்டிருக்குண்ணா."

படத்தைப் பிடித்துப் பார்க்க முடியாது என்று விளக்கிய பிறகு, காட்சிக்கு வைத்திருந்த ஐந்தாறு மவுஸ்களை எடுத்துப் பரப்பினான். இதற்கு வெட்கப்படவே கூடாது. செருப்பைப் போட்டு நடந்து பார்க்காமல் வாங்குவோமா?

கண்ணை மூடிக்கொண்டு கையை வையுங்கள். கண் திறந்திருந்தால் நிறம் உங்களுக்காக முடிவு செய்துவிடும். முதலில் மோதிர விரலையும் சுண்டு விரலையும் கவனியுங்கள். அவை மேஜையில் உராய்ந்துகொண்டிருந்தால் மவுஸ் உங்களுக்குக் குறுகல். கட்டைவிரல் தானாகவே ஒரு பள்ளத்தில் போய் உட்கார வேண்டும், தேடக் கூடாது. பட்டனை நுனியில் அல்ல, விரல் இயல்பாக விழும் இடத்தில் அழுத்துங்கள். சில மவுஸ்களில் பட்டனின் பின்பகுதி கல் மாதிரி இருக்கும். அடுத்து, விரலை வீலில் வைத்து ஒரு நீளமான பக்கத்தை உருட்டுவது போல இருபது தடவை உருட்டுங்கள். ஐந்தாவது தடவையில் நன்றாக இருப்பது இருபதாவதில் நறநறவென்று எரிச்சல் மூட்டும். கடைசியாகத் தூக்கிப் பாருங்கள். எம்185 பேட்டரியோடு சுமார் 75 கிராம், எம்எக்ஸ் மாஸ்டர் 3எஸ் 141 கிராம். தூக்கித் தூக்கி வைப்பவருக்கு அந்த வித்தியாசம் மாலையில் தெரியும்.

பக்கத்தில் குழந்தை தூங்கும் வீடாக இருந்தால் சத்தமில்லாத கிளிக் உள்ள மாடலைக் கேளுங்கள். எனக்கு அது பிடிக்காது. 'டிக்' என்ற சத்தம் கேட்டால்தான் வேலை நடந்த திருப்தி.

ஐந்தாவது படி: டிபிஐ, வயர் இத்யாதி

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். டிபிஐ என்பது மவுஸை ஒரு அங்குலம் நகர்த்தினால் அது எத்தனை எண்ணிக்கை அனுப்புகிறது என்பது. 1920 புள்ளி அகலமுள்ள திரையை, விண்டோஸில் வேகத்தை நடுவில் வைத்து, வேகமாக நகர்த்தினால் அம்புக்குறி கூடுதலாக ஓடும் 'முடுக்கம்' என்ற வசதியை அணைத்துவிட்டால், 800 டிபிஐ மவுஸ் 6 செ.மீ. நகர்ந்தே கடந்துவிடும். 1600 என்றால் 3 செ.மீ. பதினாறாயிரத்தில் 3 மில்லிமீட்டர்! அரிசியில் பாதி. அலுவலக வேலைக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1000-லிருந்து 1600-க்குள் இருந்தால் போதும்.

வயர் இருந்தால் பேட்டரிக் கவலை இல்லை. வயர்லெஸ்ஸில் கம்ப்யூட்டரில் செருகும் சின்ன ரிசீவர் உள்ளது ஒரு வகை, புளூடூத் ஒரு வகை, இரண்டும் உள்ளதும் உண்டு. ரிசீவர் வகை சில சமயம் திக்கித் திக்கி ஓடும். அதை நீல நிற யூஎஸ்பி 3 துளையில், வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகியிருப்பீர்கள். அந்தத் துளையில் டேட்டா ஓடும்போது எழும் இரைச்சலும் ரிசீவர் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸும் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளும். வேறு துளைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கண்ணாடி மேஜை என்றால் சாதாரண ஆப்டிகல் மவுஸ் தடுமாறும், ஒரு துணிப் பேடு வாங்கிவிடுங்கள்.

ஆறாவது படி: இப்போது அழகு

இவ்வளவு தூரம் வடிகட்டிய பிறகு உங்கள் முன் இரண்டோ மூன்றோ மவுஸ்தான் மிஞ்சியிருக்கும். இனி கண்ணைத் திறந்து, எது பிடிக்கிறதோ அதை எடுங்கள். அழகு முக்கியமில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். டக்ளஸ் எங்கல்பார்ட் குழுவினர் 1964-ல் செய்த முதல் மவுஸ், அடியில் இரண்டு சக்கரங்கள் வைத்த ஒரு மரக்கட்டை. இன்றைக்கும் அதன் படத்தைப் பார்த்தால் வாங்கத் தோன்றுகிறது. வடிவமே இல்லாத பெட்டிதான், ஆனால் மரத்துக்கு என்று ஒரு மவுசு இருக்கிறதே.

நான் பார்ப்பது, ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதை. நம் ஊர் வியர்வைக்கு எது தாங்கும் என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். பளபளக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கில் விரல் ரேகை அப்படியே பதியும். போலீஸ் நாயே தேவைப்படாது. மெத்தென்ற ரப்பர் பூச்சு வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதைந்து பசையாகிவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்தால் அந்தப் பூச்சு மொத்தமும் வந்துவிடும், அடியில் சாதாரண பிளாஸ்டிக் தெரியும். என்னுடையது அப்படித்தான் மறுபிறவி எடுத்தது. இரண்டாவது பிறவியில்தான் அழகாக இருக்கிறது என்பது வேறு விஷயம். வெளிர் நிறங்கள் ஜன்னலோர வெயிலில் நாளடைவில் மஞ்சள் பூக்கும். பூச்சு இல்லாத, லேசாகச் சொரசொரப்பான பிளாஸ்டிக்தான் என் ஓட்டு. அது அழுக்கையும் மறைக்கும், கையிலும் வழுக்காது. அலங்காரத்துக்காகக் குறுக்கே நெடுக்கே இணைப்புக் கோடுகள் இருந்தால், அத்தனையிலும் அழுக்கு போய்ச் சேரும். குச்சியால் நோண்டிக்கொண்டிருக்க வேண்டும்.

அழகுக்காக வசதியை விட்டுக்கொடுத்ததற்கு ஆப்பிளின் மேஜிக் மவுஸ் நல்ல உதாரணம். 2015 முதல் அதன் சார்ஜ் துளை வயிற்றுப் பக்கம் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது கவிழ்த்துப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பார்க்க அழகு, யார் இல்லையென்றார்கள்.

தங்கை கடைசியில் 10.7 செ.மீ. நீளமுள்ள எம்650-யின் சின்ன அளவை எடுத்தாள். அவள் கணக்குக்கு எட்டு மில்லிமீட்டர் கூடுதல்தான். கண்ணை மூடிக்கொண்டு பிடித்ததில் அதுதான் உட்கார்ந்தது. ரோஸ் நிறமாம். கணக்கைவிடக் கை சொல்வதைக் கேளுங்கள்.

ஏழாவது படி: வீட்டுக்கு வந்ததும்

திருப்பிக் கொடுக்கும் தேதி முடிவதற்குள் இரண்டு சோதனை. ஒரு ஃபைலைப் பிடித்துத் திரையின் நான்கு மூலைக்கும் இழுத்துப் போங்கள். நடுவில் நழுவி விழுந்தால் பட்டனுக்கு அடியில் உள்ள சுவிட்சில் கோளாறு. பிறகு ஒரு ஃபோல்டரை நிதானமாக ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். அது திறந்துகொண்டால் ஒரு கிளிக்கை இரண்டாகச் சொல்கிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் வீட்டு வைத்தியம் தேடாமல் மாற்றி வாங்கிவிடுங்கள்.

அப்புறம், வயர்லெஸ் மவுஸ் பெட்டியில் ரிசீவரைக் காணோம் என்றால் உடனே பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பாதீர்கள். பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள், பேட்டரிக்குப் பக்கத்துப் பொந்தில் செருகி வைத்திருப்பார்கள். நான் கிளம்பியிருக்கிறேன். அந்தத் தம்பி ஒன்றும் சொல்லாமல் மூடியைத் திறந்து காட்டினான்.