வட சென்னையிலிருந்து கணித ஆராய்ச்சிக்கு: பிளஸ் டூ முதல் பேராசிரியர் வேலை வரை

பி.எஸ்சி. மேத்ஸ் என்றால் அடுத்தது பி.எட்., இல்லையென்றால் பேங்க் எக்ஸாம். தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கம் வீடுகளில் போடும் கணக்கு பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். ஆராய்ச்சி செய்து, பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பிக்கும் வேலைக்கும் இங்கிருந்தே போகலாம். ஆனால் காலம் பிடிக்கும்: பட்டப்படிப்பு 3 ஆண்டு, எம்.எஸ்சி. 2, பிஎச்.டி. சுமார் 5, அதற்குமேல் போஸ்ட் டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சிப் பணி) 2 முதல் 4. இதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ‘இன்னும் எத்தனை வருஷம்டா படிப்பே?’ என்ற கேள்வி எப்படியும் வரும்.

பிளஸ் டூவிலேயே முடிவு செய்தவர்கள் சிறுசேரியில் உள்ள சென்னை கணிதக் கழகத்தின் (சி.எம்.ஐ.) நுழைவுத் தேர்வை எழுதலாம். இந்தியப் புள்ளியியல் கழகத்தின் தேர்வும் உண்டு. அதில் பெங்களூரில் பி.மேத். (கணிதப் பட்டம்), கொல்கத்தாவில் பி.ஸ்டாட். (புள்ளியியல் பட்டம்). இரண்டு தேர்வும் மே வாக்கில் நடக்கும், ஆனால் விண்ணப்பம் போடும் நாட்கள் போர்டு எக்ஸாமோடு மோதும். பிப்ரவரியிலிருந்தே அறிவிப்பைப் பாருங்கள். விடையை மட்டும் டிக் அடித்துப் பழகியிருந்தால் இங்கே கை நின்றுவிடும். காரணத்தை வரி வரியாக எழுத வேண்டிய கேள்விகளும் வரும்.

அது அமையாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் அரசுக் கல்லூரி என்று பக்கத்திலேயே பி.எஸ்சி. இருக்கிறது. சிக்கல் கல்லூரியில் இல்லை, பரீட்சையில் இருக்கிறது. ‘இம்பார்ட்டன்ட்’ தேற்றங்களை கைடிலிருந்து மனப்பாடம் செய்தே 80 மார்க் வாங்கிவிடலாம். அந்த 80 எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வில் உதவாது, பிஎச்.டி. நேர்காணலில் சுத்தமாக உதவாது.

ரியல் அனாலிசிஸில் ஓர் இடத்தைப் பாருங்கள். எக்ஸ் ஸ்கொயர் என்ற சார்பு மெய்யெண் கோடு முழுக்கத் தொடர்ச்சியானது, ஆனால் சீரான தொடர்ச்சி அதற்குக் கிடையாது. எப்சிலான் என்பது சார்பின் மதிப்பில் அனுமதிக்கும் வித்தியாசம், டெல்டா என்பது அதற்குள் நிற்க எக்ஸை நகர்த்தக்கூடிய அளவு. எல்லாப் புள்ளிக்கும் ஒரே டெல்டா போதுமானால்தான் தொடர்ச்சி சீரானது. தொடர்ச்சியைக் காட்ட, எக்ஸின் தனிமதிப்பை இரட்டித்து 1 கூட்டி, அதால் எப்சிலானை வகுக்கிறோம். வருவதிலும் 1-இலும் எது சிறியதோ அதுதான் டெல்டா. பலர் அதே டெல்டாவைக் கொண்டு சீரான தொடர்ச்சியையும் ‘நிரூபித்து’ விடுவார்கள். அந்த டெல்டாவுக்குள் எக்ஸ் ஒளிந்திருப்பது கண்ணில் படாது. எக்ஸ் பெருகப் பெருக டெல்டா சுருங்கும். எல்லாப் புள்ளிக்கும் பொதுவாக ஒன்று தேறாது. யாராவது ஒரு டெல்டாவை நீட்டினால், 1 வகுத்தல் டெல்டாவை ஒரு புள்ளியாகவும் அதோடு அரை டெல்டா கூட்டி இன்னொன்றையும் எடுங்கள். இரண்டின் வர்க்கங்களுக்கு உள்ள வித்தியாசம் 1-ஐத் தாண்டிவிடும். எப்சிலான் 1-க்கே அந்த டெல்டா தாங்கவில்லை என்று ஆகிறது.

படிக்க வேண்டியது இப்படித்தான். தேற்றத்தின் கூற்றைப் படித்ததும் புத்தகத்தை மூடி அரை மணி நேரம் நீங்களே முயலுங்கள். பிறகு நிரூபணத்தைப் படித்து, ஒவ்வொரு நிபந்தனையும் எந்த வரியில் பயன்படுகிறது என்று ஓரத்தில் குறியுங்கள். கடைசியாக ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டு, தேற்றம் பொய்யாகும் ஓர் உதாரணத்தைத் தேடுங்கள். நாளுக்கு ஒரு தேற்றம் போதும். ரியல் அனாலிசிஸ், லீனியர் அல்ஜீப்ரா, குரூப் தியரி மூன்றையும் இப்படி முடித்தவருக்குப் பின்னால் வருவதெல்லாம் பாதி சுலபம். இரண்டாம் ஆண்டுக் கோடையில் எம்.டி.டி.எஸ். என்ற கணிதப் பயிற்சி முகாமுக்கு விண்ணப்பியுங்கள்; 1993 முதல் நடக்கும் இந்தப் பயிற்சி மனப்பாடப் பழக்கத்தை உடைப்பதற்கென்றே உள்ளது.

மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில் ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு: 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். முதல் பகுதியின் 30 கேள்விகளுக்கு மட்டுமே நெகட்டிவ் மார்க். ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கு இதுதான் வாசல். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராமானுஜன் நிறுவனத்துக்கும் சி.எம்.ஐ.க்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தரமணியில் மேட்சயின்ஸ் எனப்படும் கணித ஆராய்ச்சி நிறுவனத்தில் நடக்கும் செமினார்களுக்கு இப்போதிருந்தே போய்ப் பழகுங்கள். எண்ணூர், திருவொற்றியூர்க்காரர்கள் பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் மாறினால் சேப்பாக்கமும் தரமணியும் ஒரே தடம்தான்.

எம்.எஸ்சி.யில் சி.எஸ்.ஐ.ஆர். நெட், அதாவது ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்குமான தேசியத் தகுதித் தேர்வு. மொத்தம் 200 மார்க். அதில் 95 சி பகுதியில், கேள்விக்கு 4.75 வீதம் 20 கேள்விகள். சரியான விடைகள் ஒன்றுக்கு மேல் இருக்கலாம். எல்லாவற்றையும் குறித்தால்தான் மார்க், ஆனால் நெகட்டிவ் கிடையாது. பி பகுதிக் கணக்குகளிலேயே நேரத்தைக் கரைத்துவிட்டு சி பகுதியைக் காலியாக விடுவதுதான் வழக்கமான சறுக்கல். ஜே.ஆர்.எஃப். என்ற அந்த உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வாடகைப்படி தனி. வீட்டுக் கேள்விக்கு இதுவே பாதி பதில்.

பிஎச்.டி.க்கு வழிகாட்டும் பேராசிரியரை, அதாவது உங்கள் கைடைத் தேர்ந்தெடுக்கும்போது பதவியைப் பார்க்காதீர்கள். கடைசி ஐந்து ஆண்டில் என்ன எழுதியிருக்கிறார் என்று கணிதக் கட்டுரைகளைப் பட்டியலிடும் இசட்பிமேத் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அவரிடம் முடித்த மாணவர்கள் இப்போது எங்கே என்றும் விசாரியுங்கள். மின்னஞ்சலில் ‘தங்கள் புகழ்பெற்ற பணியால் கவரப்பட்டு’ என்று ஆரம்பித்தால் படிக்கமாட்டார். அவருடைய ஒரு கட்டுரையில் எந்த லெம்மாவரை (துணைத் தேற்றம்) புரிந்தது, எங்கே நின்றீர்கள் என்று பத்து வரியில் எழுதுங்கள். ராமானுஜனுக்கு டிகிரி இருந்ததா என்று இங்கே யாராவது கேட்பார்கள். 1912-இல் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் 30 ரூபாய் கிளார்க்காக இருந்தவரின் வாழ்க்கையை வைத்து இன்று திட்டம் போட முடியாது. ஆனால் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியபோது தன் முடிவுகளைப் பக்கம் பக்கமாக இணைத்து அனுப்பினார். அதைப் பின்பற்றலாம்.

கட்டுரை எழுதியதும் ஆர்க்கைவில் (கட்டுரைகளை எல்லோரும் இலவசமாகப் படிக்கும் இணையத் தளம்) போடுங்கள். கணிதத்தில் ஆசிரியர் பெயர்கள் அகரவரிசையில்தான் வரும். முதல் பெயருக்குச் சண்டை வேண்டாம். ஜர்னலுக்கு அனுப்பினால் நடுவர் அறிக்கை வர ஓராண்டு ஆவது சகஜம். ஒரே வாரத்தில் ஏற்றுக்கொண்டு பணம் கேட்கும் ஜர்னல் பக்கம் போகாதீர்கள், பின்னால் தேர்வுக் குழு அதைத்தான் முதலில் கவனிக்கும்.

போஸ்ட் டாக்குக்குப் பொதுவாக மூன்று பரிந்துரைக் கடிதம் வேண்டும். ஒன்றாவது உங்கள் கைடு அல்லாத, உங்கள் டிபார்ட்மென்டுக்கும் வெளியே இருப்பவரிடமிருந்து வரட்டும். வெளிநாட்டு இடங்களுக்கு நவம்பர், டிசம்பரில் விண்ணப்பித்தால்தான் அடுத்த ஆண்டு சேர முடியும். கடிதம் எழுதுபவருக்கு ஒரு மாதமாவது அவகாசம் கொடுங்கள்.

உதவிப் பேராசிரியர் பணிக்கு எம்.எஸ்சி.யில் 55 சதவீதமும் நெட் அல்லது செட்டும் (மாநில அளவிலான தகுதித் தேர்வு) அடிப்படைத் தகுதி. ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. யு.ஜி.சி. விதிப்படி வாரம் 16 மணி நேரம் வகுப்பு. பேப்பர் திருத்தலும் கமிட்டியும் அதற்குமேல். ஆர்டரைக் கையில் வாங்கும் முன் எந்தப் பாடங்கள் தருவார்கள், எம்.எஸ்சி. வகுப்பு உண்டா, மாநாட்டுக்குப் போக விடுப்பு தருவார்களா என்று துறைத் தலைவரிடம் கேட்டுவிடுங்கள்.