காபரேற்றரில் கை வைக்க முதல்: பழைய கார்க்காரர் விடும் பிழைகள்

கார் இழுக்குதில்லை, சந்தியில் நின்றால் அணைந்துபோகிறது, சைலன்சரால் கறுப்புப் புகை தள்ளுகிறது. உடனே பொனற்றைத் திறந்து, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் காபரேற்றரில் இருக்கிற கலவை ஸ்குறூவை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்ப்பது நம்மவர்களுக்குக் கைவந்த பழக்கம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எதையும் கழற்றாமல் திருகக்கூடிய சாமான் அது. திருகினால் சத்தமும் மாறும். சத்தம் மாறுகிறதென்றால் வருத்தமும் அங்கேதான் என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலான நேரங்களில் வருத்தம் வேறு இடத்தில் இருக்கும். காபரேற்றர் அதற்காகத் திருகு வாங்கும்.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணமும் உண்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராத காலத்தில், காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்கள். ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் எல்லாம் அப்படித்தான் உயிர் தப்பின. அந்த நாட்களில் காபரேற்றரோடு மல்லுக்கட்டாமல் பயணமே கிடையாது. அப்போது வேலை செய்த கைகளை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்தக் கால வைத்தியத்தில் பாதி, 92 ஒக்ரேன் பெற்றோல் அடிக்கிற இன்றைய காருக்குச் சரிவராது.

முதல் பிழை: காபரேற்றரில் தொடங்குவது

எதையும் திருக முதல் பார்க்கவேண்டியவை: வால்வ் இடைவெளி, பிளக், பொயின்ற் (பிளக்குக்குப் பொறி வரவைக்கும் தொடுமுனை), ரைமிங் (பொறி விழும் நேரம்), எயார் ஃபில்ரர், காற்றுக் கசிவு. மொறிஸ் மைனர் 1000 என்றால் எஞ்சின் ஆறியிருக்கும்போது வால்வ் இடைவெளி 0.012 அங்குலம், பொயின்ற் ஏறத்தாழ 0.015, பிளக் 0.025. ஃபீலர் கேஜ் ஒன்று இருந்தால் அரை மணித்தியால வேலை.

இந்த ஒழுங்கு ஏன் முக்கியம்? பொயின்ற் கரிந்து இடைவெளி மாறிவிட்டது என்று வையுங்கள். பொறி ஒழுங்காக விழாது. எரியாத பெற்றோல் சைலன்சரால் மணக்கும். மணத்தைப் பிடித்தவர் “பெற்றோல் கூடிப்போச்சு” என்று ஸ்குறூவை உள்ளே இறுக்குவார். இப்போது பொறியும் பலவீனம், பெற்றோலும் குறைவு. கார் முன்பைவிட மோசமாக ஓடும். அடுத்த நாள் பொயின்றை மாற்றினாலும் கார் சரியாகாது, ஏனென்றால் இடையில் இரண்டாவது வருத்தம் ஒன்றை நாமே உண்டாக்கி வைத்திருக்கிறோம். கராச்சுக்கு வரும் சிக்கலான “காபரேற்றர் கேஸ்”களில் நிறைய இப்படி உருவானவைதான்.

காற்றுக் கசிவும் இதே விளையாட்டைக் காட்டும். ஒரு கிலோ பெற்றோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காபரேற்றர் அளந்து விடும் இந்தக் கணக்கை, காபரேற்றரை எஞ்சினோடு சேர்க்கும் மனிஃபோல்டின் கஸ்கெற்றில் உள்ள மயிரளவு வெடிப்பு குழப்பிவிடும். எஞ்சின் ஏறி இறங்கித் தள்ளாடும், ஐட்லிங் (அக்ஸிலேற்றரை மிதிக்காதபோது உள்ள ஓட்டம்) ஒரு இடத்தில் நிற்காது. சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் பொருத்துகளில் தடவிப் பாருங்கள். ஒரு இடத்தில் தடவும்போது எஞ்சின் சத்தம் மாறினால் கசிவு அங்கே. பெற்றோலைத் தெளித்துச் சோதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். சூடான மனிஃபோல்டுக்குப் பக்கத்தில் அது தேவையில்லாத வீரம்.

கசிவைக் கண்டுபிடித்ததும் சிலிக்கன் பசையை அப்பிவிடுவது அடுத்த பிழை. பெற்றோல் பட்டால் சிலிக்கன் ஊதி, பிய்ந்து, துண்டு துண்டாக, பெற்றோலை அளந்து விடும் சிறிய துளையான ஜெற்றுக்குள் போய் அடைக்கும். சரியான கஸ்கெற்றை வாங்குங்கள், அல்லது கஸ்கெற் கடுதாசியில் வெட்டுங்கள். காற்று வழியைத் திறந்து மூடும் தட்டைத் தாங்குகிற திறொட்டில் தண்டைக் கையால் பிடித்து ஆட்டியும் பாருங்கள். அறுபது எழுபது வருஷம் ஓடிய காரில் அது தேய்ந்து ஆடும். அந்த வழியால் போகும் காற்றை எந்த ஸ்குறூவாலும் நிறுத்த முடியாது. புஷ் அடிக்கத்தான் வேண்டும்.

எயார் ஃபில்ரர் பற்றிச் சுருக்கமாக. உரும்பிராய், கோப்பாய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண் ஒழுங்கைகளில் ஓடுகிற காருக்குப் புத்தகத்தில் போட்ட தவணை காணாது. ஃபில்ரரைக் கழற்றி வைத்துவிட்டு ட்யூன் செய்து, பிறகு பூட்டினால், காற்று குறைந்து கலவை மாறிவிடும். பூட்டியபடியே ட்யூன் செய்யுங்கள்.

ஸ்குறூவுக்கு நடக்கும் கொடுமை

திருக முதல் எண்ணுங்கள். ஸ்குறூவை மெதுவாக உள்ளே விட்டு, எத்தனை சுற்றில் அடியில் முட்டுகிறது என்று ஒரு துண்டில் எழுதுங்கள். வேலை பிழைத்தால் பழைய இடத்துக்கே திரும்பி வரலாம். இதைச் செய்கிறவர்கள் குறைவு.

அடியில் முட்டியதும் விட்டுவிட வேண்டும். “இறுக்கமாக இருக்கட்டும்” என்று ஒரு நெம்பு நெம்பினால் கதை முடிந்தது. கலவை ஸ்குறூவின் நுனி ஊசி போலக் கூராக இருக்கும். இறுக்கியதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், அந்தக் கூரில் மோதிரம் மாதிரி ஒரு வளையம் பதிந்திருப்பது தெரியும். சில நேரம் நுனி முறிந்து ஓட்டைக்குள்ளேயே நின்றுவிடும். வளையம் விழுந்த ஸ்குறூவை எவ்வளவு நுணுக்கமாகத் திருகினாலும், கால் சுற்றுக்கு ஒன்றும் நடக்காது, அடுத்த கால் சுற்றில் எல்லாம் ஒரேயடியாக நடக்கும். புதிய ஸ்குறூ போடலாம். வாய் அகன்ற ஓட்டைக்கு மருந்தில்லை.

எந்தப் பக்கம் திருப்பினால் எது கூடும் என்பதும் எல்லாக் காபரேற்றருக்கும் ஒன்றல்ல. திறொட்டில் தட்டுக்குப் பக்கத்தில், எஞ்சின் பக்கமாக இருக்கும் ஸ்குறூ கலவையை விடுவது. வெளியே எடுக்கப் பெற்றோல் கூடும். பழைய சில வகைகளில் ஸ்குறூ காற்றை விடுவது. வெளியே எடுக்கப் பெற்றோல் குறையும். தெரியாமல் திருகுகிறவர் மேற்குப் பக்கம் போகவேண்டிய காரைக் கிழக்கே ஓட்டிக்கொண்டிருப்பார்.

இன்னொன்று, நான் அதிகம் காண்பது: அணைந்துபோகிற காருக்கு ஐட்லிங்கை ஏற்றி விடுவது. ஐட்லிங் ஸ்குறூ திறொட்டில் தட்டைத் திறந்து பிடிக்கிறது. அளவுக்கு மேல் திறந்தால், தட்டின் விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய இடைவழித் துளைகள் வெளிப்பட்டு, பெற்றோல் அந்த வழியால் வரத் தொடங்கும். அதன் பிறகு கலவை ஸ்குறூவை முழுதாக மூடினாலும் எஞ்சின் ஓட்டம் மாறாது. “ஸ்குறூ வேலை செய்யுதில்லை, காபரேற்றர் பழுது” என்று தீர்ப்பும் வந்துவிடும். ஐட்லிங்கை முதலில் இறக்குங்கள், ஸ்குறூவுக்கு உயிர் வரும்.

முறை இதுதான். எஞ்சின் நன்றாகச் சூடேறி, சோக் முழுதாக விடுபட்டிருக்க வேண்டும். கலவை ஸ்குறூ ஒன்றரைச் சுற்று வெளியே. மெதுவாக உள்ளே திருகி எஞ்சின் தடுமாறும் இடத்தைப் பாருங்கள். பிறகு வெளியே திருகி, நொண்டி ஓடத் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஆகக் கூடிய வேகத்தில், சீராக ஓடும் இடத்தில் விடுங்கள். அப்போது ஐட்லிங் கூடியிருக்கும். அதை இறக்கிவிட்டு இன்னொரு முறை செய்யுங்கள். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். கதவு பூட்டிய கராச்சுக்குள் கார்பன் மொனொக்சைட் மணமில்லாமலே ஆளை விழுத்தும்.

ஜெற்றுக்குள் கம்பி

பித்தளை ஜெற்றில் 100 என்று இலக்கம் இருந்தால், பல காபரேற்றர்களில் துளை 1.00 மில்லிமீற்றர் என்று பொருள். கம்பி விட்டுக் கிண்டித் துளை 1.05 ஆனால், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் பரப்பளவு பத்து வீதம் கூடிவிடும். அந்தப் பத்து வீதத்தை ஐட்லிங் ஸ்குறூவால் குறைக்க முடியாது. பித்தளை மெத்தென்ற உலோகம். இரும்புக் கம்பிக்கு விட்டுக்கொடுத்துவிடும். காபரேற்றர் க்ளீனரில் ஊறவைத்து, கொம்பிரஸர் காற்றால் ஊதுங்கள். மிஞ்சிப்போனால் நைலோன் நூல்.

2022 எரிபொருள் நெருக்கடியில் மாதக்கணக்கில் நின்ற கார்களின் காபரேற்றர்க் கிண்ணத்தில் பெற்றோல் காய்ந்து, பிசினாக ஜெற்றை அடைத்தது. அப்போது கம்பி வைத்தியம் நிறைய நடந்தது. கம்பி விட்ட காரெல்லாம் அடுத்த நாளே ஓடின, பிறகு பெற்றோலைக் குடிக்கத் தொடங்கின.

அதே காலத்தில், கியூஆர் முறையில் கிழமைக்கு இவ்வளவு என்று அளந்து தந்தபோது, “கொஞ்சம் இறுக்கி விடுங்கோ, மிச்சம் பிடிக்கலாம்” என்று கேட்டுக்கொண்டு வந்தவர்களும் உண்டு. ஜப்பான் காரின் கலவை ஸ்குறூ ஐட்லிங்கை மட்டுமே ஆளுகிறது. ஏ-9 வீதியில் அறுபதில் போகும்போது பெற்றோலைத் தருவது மெயின் ஜெற். ஸ்குறூவை இறுக்கினால் சந்தியில் அணையும், எடுப்பில் தடுமாறும், மிச்சம் என்று சொல்ல ஒன்றும் இராது. புகைப் பரிசோதனைக்காக இறுக்கியவர்கள் சான்றிதழ் கிடைத்த பிறகும் அப்படியே விட்டு ஓடுவதும் இதே வகைதான்.

மொறிஸ் மைனரில் இருக்கும் எஸ்யூ (SU) வகைக் காபரேற்றரில் நிலைமை தலைகீழ். அதில் ஒரே ஜெற், ஒரே ஊசி. அடியில் இருக்கும் ஆறுபட்டை நட்டைத் திருப்பினால் ஐட்லிங் முதல் முழு வேகம் வரை எல்லாமே மாறும். மிச்சம் பிடிக்க அதை மேலே ஏற்றிவிட்டு ஓடினால், எரிப்பறை சூடேறி எக்ஸோஸ்ற் வால்வ் கருகும். பெற்றோலில் மிச்சம் பிடித்தது ஹெட் வேலைக்குப் போய்விடும்.

அந்த நட்டை ஒரு முறைக்கு ஒரு பட்டை மட்டும் திருப்புங்கள். கீழே இறக்கப் பெற்றோல் கூடும். பிறகு பக்கத்தில் உள்ள சிறிய பின்னை விரலால் மெல்லத் தள்ளி, காபரேற்றருக்குள்ளே இருக்கும் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெற்றோல் கூட. உடனே தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் ஏறிப் பழைய ஓட்டத்துக்கு வந்தால் சரி. இதைவிட நேர்மையான சோதனையை நான் எந்தக் காபரேற்றரிலும் காணவில்லை. காதுக்கும் விரலுக்கும் மட்டுமே வேலை.

எஸ்யூவில் மற்றப் பிழை டாஷ்பொட் எண்ணெய், அதாவது அந்தப் பிஸ்ரன் துள்ளாமல் அடக்கும் எண்ணெய். அது காய்ந்திருந்தால் அக்ஸிலேற்றரை மிதித்ததும் பிஸ்ரன் துள்ளி மேலேறும். காற்று முந்திக்கொள்ள, கார் ஒரு முறை மூச்சுப் பிடித்துப் பிறகுதான் இழுக்கும். பிறேக் ஒயிலும் கியர் ஒயிலும் அதற்கு ஊற்றுவதில்லை; 20 கிறேட் எஞ்சின் ஒயில் போதும். பிஸ்ரன் இறுகினால் எமெரி போட்டுத் தேய்க்கவேண்டாம். பிஸ்ரனும் அதன் மூடியும் சோடியாகச் செய்தவை. பெற்றோல் துணியால் துடைத்து, கையால் உயர்த்தி விட்டால் “டக்” என்று விழ வேண்டும். இன்னொரு காரின் மூடியை மாற்றிப் போட்டால் அந்தச் சத்தம் வராது.

ஃபுளோட், மலை, ஊற்றுவது

கிண்ணத்தில் பெற்றோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான பித்தளை ஃபுளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே பெற்றோல் சளசளத்தால் ஓட்டை. வெந்நீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடம் தெரியும். ஈயம் வைத்து அடைக்கலாம், ஆனால் உள்ளே ஆவி இருக்கும்போது சூடு வைத்தால் வெடிக்கும். முழுதாகக் காலியாக்கிக் காயவிட்ட பிறகே செய்ய வேண்டும். ஈயத்தைத் தாராளமாக வைத்தால் ஃபுளோட் பாரம் கூடித் தாழ மிதக்கும், கிண்ணத்தில் பெற்றோல் மட்டம் ஏறும், பிறகு எந்த ஸ்குறூவாலும் கறுப்புப் புகை போகாது.

நுவரெலியாவுக்குப் போய் வருகிறவர்களுக்கு ஒன்று. அது 1,868 மீற்றர் உயரம். காற்று இங்கத்தையதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெலிது. கார் மந்தமாக ஏறினால் அது இயல்பு. அங்கே யாரிடமாவது பெற்றோலைக் குறைக்கக் கொடுத்துவிட்டு, அப்படியே கடல்மட்டத்துக்கு இறங்கி வந்தால், சித்திரை வெயிலில் எஞ்சின் கொதிக்கும்.

கடைசியாக, ஃபில்ரரைக் கழற்றிக் காபரேற்றர் வாய்க்குள் பெற்றோல் ஊற்றி ஸ்ராட் செய்வது. மண்ணெண்ணெய்க் காலத்தில் அதற்குத் தேவை இருந்தது. இப்போது அது எஞ்சின் திருப்பி வெடித்தால் கையிலும் முகத்திலும் தீப்பிடிக்கும் வேலை. நாள்கணக்கில் நின்ற காரில் கிண்ணம் காய்ந்திருக்கும், அவ்வளவுதான். எஸ்யூ மின்பம்ப் உள்ள மொறிஸ் மைனரில் திறப்பைப் போட்டுவிட்டுப் பொறுங்கள். பம்ப் ரிக் ரிக் என்று அடித்து நின்றால் கிண்ணம் நிரம்பிவிட்டது, ஸ்ராட் செய்யலாம். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் தாங்கியில் பெற்றோல் இருக்கிறதா, எங்காவது ஒழுகுகிறதா, கிண்ணத்தின் ஊசி வால்வ் மூடுகிறதா என்று பாருங்கள்.