ஒரே கண், இரண்டு சொற்கள்: போர்த்துகீசியச் சொல்லின் லத்தீன் வேரைத் தேடுவது எப்படி?

போர்த்துகீசிய மொழியில் கண்ணுக்கு ‘ஓல்யு’ என்று பெயர், மூக்குக்கண்ணாடிக்கு ‘ஓகுலுஷ்’. கண் என்ற பொருளுடைய ‘ஓகுலுஸ்’ என்ற லத்தீன் சொல்தான் இரண்டுக்கும் தாய். ஒரு பிள்ளை மட்டும் ஏன் இப்படி உருமாறிப்போனது? தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: லத்தீன் அகராதி தரும் எழுவாய் வடிவத்தை விடுங்கள். போர்த்துகீசியப் பெயர்ச்சொற்களில் பெரும்பாலானவை இரண்டாம் வேற்றுமை வடிவத்திலிருந்து வந்தவை. ஆகவே ‘ஓகுலும்’ என்று எழுதுங்கள். கடைசி ‘ம்’ பேச்சில் எப்போதோ உதிர்ந்துவிட்டது; அதை அடித்துவிடுங்கள்.

படி 2: அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. அதற்கு அடுத்த ‘உ’ வலுவிழந்து மறைய, ‘ஓக்லு’ கிடைக்கும். இதற்குச் சாட்சி உண்டு. ‘அப்பென்டிக்ஸ் ப்ரோபி’ என்ற பழைய பிழைதிருத்தப் பட்டியலில் “ஓகுலுஸ், ஓக்லுஸ் அன்று” என்று இருக்கிறது. யாரோ ஓர் ஆசிரியர் எரிச்சலோடு எழுதிவைத்ததால்தான் சாதாரண மக்கள் எப்படிப் பேசினார்கள் என்பது நமக்குத் தெரிகிறது!

படி 3: ‘க்ல’ வரும் இடத்தில் ‘ல்ய’ போடுங்கள். ‘ஓல்யு’ வந்துவிட்டது. அதே பட்டியல் கண்டிக்கும் ‘வெக்லுஸ்’ (கிழவன்) ‘வெல்யு’ ஆயிற்று. ‘ஸ்பெக்லும்’ (முகம் பார்க்கும் கண்ணாடி) ‘இஷ்பெல்யு’ ஆயிற்று.

படி 4: இப்போது ‘ஓகுலுஷ்’ பக்கம் வாருங்கள். நடு உயிர் மறையவில்லை, ‘ல்ய’ வரவில்லை. வாய்வழி வந்த சொல் இப்படித் தப்பியிருக்காது. பிற்காலத்தில் படித்தவர்கள் லத்தீன் நூல்களிலிருந்து நேரே எடுத்துக்கொண்ட கடன்சொல் இது. நன்னூல் படித்தவர்களுக்குத் தற்பவம் (தமிழ் ஒலிக்கேற்ப உருமாறிய வடசொல்), தற்சமம் (உருமாறாமல் வந்த வடசொல்) நினைவுக்கு வரும். ஒப்புமை முழுதாகப் பொருந்தாது: தமிழில் இரண்டுமே வடமொழிக் கடன், போர்த்துகீசியமோ லத்தீனின் வயிற்றுப் பிள்ளை.

படி 5: பொருளையும் பாருங்கள். மூக்குக்கண்ணாடி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் இத்தாலியில் தோன்றியது. பழைய ரோமானியருக்கு அப்படியொரு பொருளே கிடையாது. இரண்டு வில்லைகள் என்பதால் ‘ஓகுலுஷ்’ பன்மை. பிரேசிலில் பலர் அதை ஒருமையாக்கி “என் கண்ணாடி” என்கிறார்கள். இலக்கண ஆசிரியர்கள் இன்றும் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

பயிற்சிக்கு ஒன்று: ‘அபிகுலா’, அதாவது சிறு தேனீ. இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ‘ப’ (P) ஒலி, ஆங்கில ‘B’ எழுத்தின் ஒலியாக மெலியும்; அழுத்தம் பெறும் குறில் ‘இ’, ‘எ’ ஆகும் என்பவை மட்டும் குறிப்பு. விடை ‘அபெல்யா’.