பத்து புளியங்கொட்டை போதும், கூட்டல் பழக

எல்கேஜி, யூகேஜி படிக்கும் பிள்ளையை 3 + 4 = 7 என்று நோட்டில் எழுதவைக்க அவசரப்படாதீர்கள். ஒன்றிலிருந்து இருபது வரை கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளையிடம் ஒரு குவியலைக் காட்டி "ஆறு எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள், பல பிள்ளைகள் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கும். முதலில் எண்ணி எடுக்கிற அந்தப் பழக்கம் வரட்டும்.

அப்புறம் ஐந்து புளியங்கொட்டையை எடுத்து, தாயம் விளையாடத் தேய்ப்போமே, அதே மாதிரி ஒரு பக்கம் மட்டும் சிமெண்ட் தரையில் வெள்ளையாகும்வரை தேய்த்துக்கொள்ளுங்கள் (வாயில், மூக்கில் போடுகிற வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் கொட்டை வேண்டாம், பெரிய பாட்டில் மூடியை வைத்துக்கொள்ளலாம்). குலுக்கிப் போட்டு வெள்ளை எத்தனை, கருப்பு எத்தனை என்று பிள்ளையையே சொல்ல விடுங்கள். இரண்டும் மூன்றும் ஐந்து, நான்கும் ஒன்றும் ஐந்து, சில சமயம் ஐந்துமே கருப்பு. எப்படி விழுந்தாலும் மொத்தம் ஐந்துதான் என்பது பிள்ளைக்குப் பிடிபட்ட பிறகு பத்துக் கொட்டைக்குப் போங்கள். பத்தை எப்படியெல்லாம் பிரிக்கலாம் என்பது கைவந்துவிட்டால் பின்னால் 8 + 5 வரும்போது பத்தாக்கிவிட்டு மீதி மூன்றைச் சேர்ப்பது சுலபம்.

நான் அதிகம் நேரம் கொடுக்கச் சொல்வது அடுத்த விளையாட்டுக்குத்தான். பிள்ளை பார்க்கவே ஐந்து கொட்டையை எண்ணி ஒரு டம்ளரால் மூடுங்கள், வெளியே மூன்று வையுங்கள், மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். டம்ளரைத் தூக்கிப் பார்த்து எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணத்தான் முதலில் கை போகும், விடுங்கள். நாளாக ஆக, டம்ளரைத் தொட்டு "அஞ்சு" என்று சொல்லிவிட்டு வெளியே இருப்பதை "ஆறு, ஏழு, எட்டு" என்று தொடரும். வெளியே இருக்கும் முதல் கொட்டையையே "அஞ்சு" என்று தொட்டு ஏழு என்று முடிக்கிற பிள்ளைகளும் உண்டு. தப்பு என்று சொல்லாமல் டம்ளரைத் தூக்கி எண்ணிப் பார்க்கச் சொன்னால் போதும். விரல் விட்டு எண்ணினால் தயவுசெய்து திட்டாதீர்கள், அந்த வயதில் விரல்தான் கணக்குப் புத்தகம்.

கணக்கைக் கதையாகச் சொல்லும்போது, விடை எப்போதும் கடைசியிலேயே வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். "உன்கிட்ட 5 முறுக்கு இருந்துச்சு, பாட்டி இன்னும் கொஞ்சம் கொடுத்ததும் 8 ஆயிடுச்சு, பாட்டி எத்தனை கொடுத்தாங்க?" என்று கேட்டால், காதில் விழுந்த இரண்டு எண்ணையும் கூட்டி 13 என்று சொல்கிற பிள்ளை நிறைய. "மொத்தம்னா கூட்டு, மீதின்னா கழி" என்று சூத்திரம் சொல்லிக் கொடுப்பதால் வருகிற வினை இது. அதற்குப் பதில் கொட்டைகளை முறுக்காக வைத்து நடந்ததை அப்படியே நடித்துக் காட்டச் சொல்லுங்கள். "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்ற கேள்வியைச் சரியான விடைக்கும் கேளுங்கள், தப்பாக இருந்தால் மட்டும் கேட்டால் அந்தக் கேள்வியே பிள்ளைக்குப் பயமாகிவிடும்.

வீட்டில் தாயக்கட்டை இருந்தால் எடுத்து வையுங்கள், இரண்டும் மூன்றும் விழுந்தால் ஐந்து என்று தானாகக் கூட்ட ஆரம்பித்துவிடும், இரண்டு கட்டையுமே வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு என்பது மட்டும் விளையாட்டு விதி என்று சொல்லிவிடுங்கள்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் தாராளம். பிள்ளை வாயால் "நாலும் மூணும் ஏழு" என்று தயங்காமல் சொல்ல ஆரம்பித்ததும், அந்தக் கொட்டைகளுக்குக் கீழேயே சாக்பீஸால் 4 + 3 = 7 என்று எழுதிக் காட்டலாம்.