ஆப் இன்வென்டரில் பால் கணக்கு: ஃபைலில் எழுதுவதும் திரும்பப் படிப்பதும்

வேரியபிளில் (ஆப் ஓடும்போது மதிப்பை வைத்திருக்கும் இடத்தில்) வைத்த கணக்கு ஆப்பை மூடியதுமே போய்விடும். மறுநாளும் இருக்க வேண்டுமென்றால் ஃபைலில் எழுத வேண்டும். பிளாக்குகளை மாட்டி ஆண்ட்ராய்டு ஆப் செய்யும் கருவியான எம்ஐடி ஆப் இன்வென்டரில் வீட்டுப் பால் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம்.

1. டிசைனரில் லிட்டர் அடிக்க ஒரு டெக்ஸ்ட்பாக்ஸ், ஒரு பட்டன், ஒரு லேபிள் வையுங்கள். சென்சார்ஸிலிருந்து கிளாக், ஸ்டோரேஜிலிருந்து ஃபைல் இரண்டையும் இழுத்துப் போடுங்கள். இவை திரைக்குள் வராது, அடியில் தனியாக நிற்கும். டெக்ஸ்ட்பாக்ஸில் நம்பர்ஸ்ஒன்லியை டிக் செய்யுங்கள்.

2. பட்டன் கிளிக்கில், டெக்ஸ்ட்பாக்ஸ் காலியா என்று முதலில் பாருங்கள். காலியாக ஒரு வரி ஏறிவிட்டால், பின்னால் கூட்டும்போது ஆப் எரர் காட்டும்.

3. தேதி, லிட்டர் இரண்டையும் ஒரு லிஸ்டாக்கி 'லிஸ்ட் டு சிஎஸ்வி ரோ' பிளாக்கில் மாட்டுங்கள். சிஎஸ்வி என்பது மதிப்புகளைக் கமாவால் பிரித்து எழுதும் முறை. நடுவில் கமா போட்டு எழுத்துகளை ஒட்டும் வெறும் ஜாயின் பிளாக்கில் ஒட்டினால் என்ன என்று தோன்றும். ஆனால் கிளாக்கின் ஃபார்மேட்டேட் தானாகத் தரும் தேதியிலேயே, 'மார்ச் 5, 2024' என்பதுபோல, ஒரு கமா இருக்கிறது. ஒட்டினால் இரண்டு பகுதி மூன்றாகும், லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 2024 வந்து உட்காரும். மாதக் கடைசியில் ஆயிரக்கணக்கான லிட்டர் பால் குடித்திருப்பீர்கள்! அந்த பிளாக் ஒவ்வொன்றையும் மேற்கோள் குறிக்குள் அடைத்துவிடுவதால் இந்தத் தொல்லை இல்லை.

4. அதன் கடைசியில் புதுவரிக் குறியை ஜாயின் செய்யுங்கள்: பின்சாய்கோடும் ஆங்கிலச் சின்ன 'என்'னும். விட்டுவிட்டால் எல்லா நாளும் ஒரே வரியில் ஒட்டிக்கொள்ளும்.

5. எழுத அப்பென்ட்டூஃபைல் பிளாக்கைப் பயன்படுத்துங்கள். சேவ்ஃபைல் வேண்டாம், அது பழையதை அழித்துவிட்டு எழுதும். ஃபைல் பெயருக்கு முன் இரட்டைச் சாய்கோடு போடாதீர்கள். அது ஆப்போடு கட்டி அனுப்பிய ஃபைலைக் குறிக்கும். அதைப் படிக்கலாம், அதில் எழுத முடியாது.

படிப்பதில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ரீட்ஃப்ரம் பிளாக் 'படிக்கத் தொடங்கு' என்று சொல்வதோடு சரி, எதையும் கையில் தராது. அதற்கு அடுத்த வரியிலேயே லேபிளை நிரப்பினால் வெறுமைதான் தெரியும். படித்து முடித்ததும் காட்டெக்ஸ்ட் என்ற ஈவென்ட் வரும், உள்ளடக்கம் அதற்குள்தான் கிடைக்கும். அங்கே 'லிஸ்ட் ஃப்ரம் சிஎஸ்வி டேபிள்' பிளாக்கில் கொடுத்து, ஒவ்வொரு வரியிலும் 2-ஆவது ஐட்டத்தை எடுத்துக் கூட்டுங்கள். எண்ணிக்கை இங்கே 1-இல் தொடங்கும், 0-இல் அல்ல.

ரீட்ஃப்ரமையும் பட்டன் கிளிக்கிலேயே போடாதீர்கள். எழுதி முடிக்குமுன் படித்தால் கடைசி வரி விட்டுப்போகும். ஆஃப்டர்ஃபைல்சேவ்ட் ஈவென்டில் போடுங்கள். ஆப் திறந்ததும் கணக்கு தெரிய, ஸ்கிரீன் இனிஷியலைஸிலும் ஒன்று வேண்டும். முதல் நாள் ஃபைலே இருக்காது, எரர் வரும். ஸ்கிரீனின் எரர்அக்கர்ட் ஈவென்டில் 'இன்னும் கணக்கு எழுதவில்லை' என்று லேபிளில் காட்டிவிடுங்கள்.

லிட்டர் விலை போன்ற ஒற்றை மதிப்புக்கு ஃபைல் எதற்கு, பெயர் கொடுத்து மதிப்பைச் சேமிக்கும் டைனிடிபி போதும். கம்பேனியனில் (ஆப்பைப் போனில் ஓட்டிப் பார்க்கும் சோதனை ஆப்பில்) சோதிக்கும்வரை உங்கள் எல்லா ப்ராஜெக்டுக்கும் டைனிடிபி ஒன்றுதான். அதனால் வேறு ஆப்பில் வைத்த 'விலை' இங்கே எட்டிப் பார்க்கலாம். ஏபிகே (ஆண்ட்ராய்டில் நிறுவும் ஃபைல்) ஆக்கி நிறுவியபின் அந்தக் கலப்பு இருக்காது.