பாஷை தெரியாதென்று பேசாமல் இருக்காதீர்கள்: அவசரப் பிரிவுத் தாதியருக்குச் சில வழிகள்

நயினாதீவுக்குப் போய்விட்டுக் குறிகட்டுவான் இறங்குதுறையில் வந்து இறங்கும்போது ஒரு வயதான சிங்கள அம்மா மயங்கி விழுகிறார், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் அவரை நம்மிடம் கொண்டுவருகிறது, கூட வந்த மகளுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது, உங்களுக்குச் சிங்களத்தில் நாலு சொல்தான் தெரியும். யாழ்ப்பாணத்தில் அவசரப் பிரிவில் வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதில்லை. இந்த இடத்தில்தான் நாம் ஒரு பிழை விடுகிறோம். பாஷை தெரியாது என்று வாயே திறக்காமல் வேலையைத் தொடங்கிவிடுகிறோம். சட்டையைத் திறந்து ஈசிஜி வயரை ஒட்டி, கையைப் பிடித்து ஊசி ஏற்றி, ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறோம். கட்டிலில் கிடக்கிறவருக்கு நடப்பது ஒன்றும் விளங்காது, பயத்தில் நாடி இன்னும் ஏறும்.

அதனால் கதையுங்கள், தமிழில் என்றாலும் பரவாயில்லை. முகத்துக்கு நேரே குனிந்து 'அம்மே' என்று கூப்பிடுங்கள், குரலே பாதி ஆறுதல். பிரஷர் பட்டியைக் கட்டமுன் உங்கள் கையில் வைத்துக் காட்டுங்கள். ஊசி என்றால் குத்தப்போகிற இடத்தைத் தொட்டுக் காட்டி, அவர் பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகு குத்துங்கள். ஐந்து விநாடிதான் கூடுதலாகப் போகும்.

சில சொற்களை ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருங்கள். 'பய வென்ன எபா' என்றால் பயப்படாதேங்கோ. 'கொஹெத ரிதென்னே' என்றால் எங்கே நோகுது. 'ஹுஸ்ம கன்ன அமாருத' என்றால் மூச்சு எடுக்கக் கஷ்டமா. பப்புவ நெஞ்சு, பட வயிறு, ஒளுவ தலை. 'கெக்கும' என்ற சொல்லில் மட்டும் கவனம், அது வலி. நம் காதுக்குக் 'கக்குவது' மாதிரிக் கேட்கும், தலையிடி என்று சொன்னவரை சத்தி எடுத்தவராக எழுதிவிடுவோம்.

ஆம், இல்லை என்ற பதிலை அப்படியே நம்பாதீர்கள். விளங்காதவர் மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் 'ஓம்' என்பார். 'நோ (வலி) இருக்கா' என்று கேட்டு, கொஞ்சம் பொறுத்து 'நோ இல்லையா' என்று கேளுங்கள், இரண்டுக்கும் ஓம் என்றால் கேள்வி போய்ச் சேரவில்லை. வெளிநாட்டவரிடம் நம் பக்கவாட்டுத் தலையாட்டலும் உதவாது, அவர்களுக்கு அது இல்லை என்பதுபோலத் தெரியும். வலியின் அளவுக்கு 0 முதல் 10 வரை முகங்கள் வரைந்த அட்டையைக் காட்டினால் சிறு பிள்ளையும் விரல் வைக்கும்.

மொழிபெயர்ப்புக்குப் பிள்ளைகளைப் பிடிக்காதீர்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பிரான்சிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் வரும் குடும்பங்களில் பத்து வயதுப் பிள்ளைதான் இரண்டு பக்கமும் கதைக்கும், கெட்டித்தனமாகவும் கதைக்கும், ஆனால் அம்மாவின் இரத்தப்போக்கை அந்தப் பிள்ளையின் வாயால் கேட்பது சரியில்லை, அந்த அம்மாவும் முழுவதையும் சொல்லமாட்டார். பக்கத்து வாட்டில் பாஷை தெரிந்த ஊழியர் யாராவது இருப்பார், இல்லாவிட்டால் போனில் ஒருவரைப் பிடியுங்கள். அவர் வந்தாலும் உங்கள் கண் நோயாளியிடம் இருக்கட்டும். ஒவ்வொரு வசனமாகச் சொல்லுங்கள், சொன்னதைத் திருப்பிச் சொல்லவும் கேளுங்கள். மருந்து ஒவ்வாமை, மருந்தின் அளவு, சத்திரசிகிச்சைக்கான சம்மதம், இந்த மூன்றையும் சைகையாலோ போன் செயலியாலோ மட்டும் முடிக்கவே கூடாது.

மறுபக்கமும் இருக்கிறது. தெற்கிலிருந்து வந்த டொக்டருக்கும் நெடுந்தீவு ஆச்சிக்கும் இடையில் நிற்பதும் நாம்தான். நான் வேலை தொடங்கிய காலத்தில் சீனி வருத்தமுள்ள ஓர் ஆச்சி வந்தார். டொக்டர் நெஞ்சு நோ இருக்கா என்று கேட்கச் சொன்னார், நானும் கேட்டேன், 'இல்லைப் பிள்ளை, அந்தரமாக் கிடக்கு' என்றார் ஆச்சி, உள்ளுக்குள் ஏதோ தவிப்பாக இருக்கிறது என்று அர்த்தம். நான் 'நோ இல்லை' என்று மட்டும் மொழிபெயர்த்தேன். ஈசிஜி எடுக்கப் பிந்திவிட்டது, எடுத்தபோது மாரடைப்பு. அந்தரம், இளைப்பு, நெஞ்சுக்குள் ஏதோ செய்யுது என்பவற்றையெல்லாம் வெட்டாமல், சொன்ன சொல்லோடேயே டொக்டரிடம் கொடுங்கள். நீரிழிவுக்காரருக்கும் வயதானவர்களுக்கும் மாரடைப்பு நோவே இல்லாமலும் வரும். நெஞ்சு அறிகுறியோடு வருபவருக்கு வந்து 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும், அந்தரமும் அதற்குள் அடங்கும்.

வெளியே நிற்கும் சொந்தக்காரரை மறக்காதீர்கள். ஒருவரை மட்டும் பொறுப்பாளராகத் தெரிந்தெடுத்து, எங்கே இருக்கலாம் என்று கையைப் பிடித்துக் காட்டிவிட்டு, கால் மணித்தியாலத்துக்கு ஒருதரம் போய் முகத்தைக் காட்டுங்கள், புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் போங்கள். இறப்பைச் சொல்ல வேண்டி வந்தால் மொழி தெரிந்தவர் வரும்வரை காத்திருங்கள், இருக்க வைத்து, 'இறந்துவிட்டார்' என்ற சொல்லையே சொல்லச் சொல்லுங்கள். 'போய்விட்டார்' என்றதைக் கேட்டு வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தவர்களும் இருக்கிறார்கள்.

கடைசியாக, வாட்டுக்கு அனுப்பமுன், நோயாளியின் விபரம் எழுதும் டிக்கெட்டின் மேலேயே நோயாளி எந்த பாஷை கதைப்பவர், யார் மொழிபெயர்த்தார், அவரை எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் இரவு டியூட்டிக்கு வருகிற பிள்ளை எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.